முனியனின் இடது கை

மனிதனுடைய கை எத்தனை காலம் தாங்கும் என்று பார்த்துவரும்படி எங்கள் பாதிரி துரை என்னை மைசூர் சமஸ்தானத்துக்கு அனுப்பினார். வேலூரில் காலையில் ரயிலேறினால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனாலும் அது வேறு ராஜ்யம், வேறு ராஜா, வேறு பாஷை. என் மனைவி ரூத், நான் சீமைக்கே கப்பலேறுகிறேன் என்பதுபோலப் புளிச்சோறும் ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாயும் கட்டிவைத்தாள்.

துரை அமெரிக்காக்காரர். எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேதபாடத்துக்கு அடுத்தபடியாக அவர் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தது பேஸ்பால். கிரிக்கெட் தெரிந்தவர்கள்கூட இதைப் பார்த்தால் முழிப்பார்கள். ஒருவன் பந்தெறிவான். எதிரே கட்டை பிடித்து நிற்கிறவன் மூன்று தரம் கோட்டைவிட்டால் வெளியே போகவேண்டியதுதான். அடித்துவிட்டால் மூன்று மூலைகளையும் தொட்டு ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரவேண்டும். வந்து சேர்ந்தால் ஒரு புள்ளி. இவ்வளவுதான் ஆட்டம். இதற்காக அமெரிக்காவில் ஊரே வேலையை விட்டுவிட்டுப் போய் உட்காருமாம்.

துரைக்கு ஆட்டத்தைவிட ஆட்டக்காரர்களின் சரித்திரத்தில்தான் உயிர். சிகரெட் டப்பாக்களில் வரும் அவர்களுடைய படங்களை ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார். அவர் புகை பிடிக்கமாட்டார். அவருக்காக அமெரிக்காவில் அவர் தம்பி பிடித்துக்கொண்டிருந்தார். படத்துக்கு ஒரு கதை சொல்வார். ஒருவன் ஒரு வருஷம் தன் அணியின் ஆட்டங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் தானே எறிந்து ஜெயித்தானாம். அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் இன்றுவரை யாரும் வரமுடியவில்லை. ஆனால் காலையில் எழுந்தால் தலைவாரக்கூட அவன் கை மேலே போகாதாம். இன்னொருவன் ஒரே ஆட்டத்தில் நான்கு தரம் பந்தை எட்டாத தூரத்துக்கு அடித்துச் சுற்றி வந்தவன். சில வருஷம் கழித்து, நடுவழியில் ரயிலைவிட்டு இறங்கிப் பாலத்தில் நடந்து, ஆற்றில் விழுந்து, பெரிய அருவிக்குக் கீழே பிணமாகக் கிடைத்தான். துரை இதையெல்லாம் சொல்லும்போது பரிசுத்தவான்களைப் பற்றிப் பேசுவதுபோலவே இருக்கும். அவர்களில் பலர் குடித்தே கெட்டவர்கள் என்பது வேறு விஷயம்.

இப்போது அங்கே வாத்தியாராக இருக்கும் நானும் பையனாக இருந்தபோது பள்ளிக்காகப் பந்தெறிந்தவன்தான். நன்றாகவே எறிந்தேன் என்பது என் அபிப்பிராயம். என் படத்தை எந்த டப்பாவிலும் போடவில்லை.

எங்கள் பையன்கள் பலர் கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போனார்கள். போகும்போது கட்டையையும் பந்தையும் கொண்டுபோனார்கள். அங்கே சுரங்கத்துக்குச் சுரங்கம் அணி கட்டி ஆடுகிறார்களாம். லீவில் வந்தவர்கள் எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னார்கள்: முனியன். இடதுகைக்காரன். ஆட்டம் அந்த ஊருக்குப் போன நாள்முதல் அவன்தான் எறிகிறான், ஒரு சனிக்கிழமையும் தவறவிட்டதில்லை, கை கொஞ்சமும் தளரவில்லை என்றார்கள். துரை நம்பவில்லை. "அமெரிக்காவிலே இப்படி எறிந்தவன் கை சில வருஷத்திலே செத்துப்போகும், ஞானமுத்து. நீ போய்ப் பார். நிஜமென்றால் நான் எங்கள் ஊர்ப் பத்திரிகைக்கு எழுதவேணும்" என்றார்.

அது துரையின் வேடிக்கை. எனக்கு வேறு காரியம் இருந்தது. என் தம்பி தேவசகாயம் அந்தச் சுரங்கத்தில்தான் வேலை செய்கிறான். அவன் மனைவி சாராள் என் வீட்டில் இருக்கிறாள். குழந்தை பிறந்து, ஞானஸ்நானம் ஆகி, நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. தகப்பன் வந்து எட்டிப் பார்க்கவில்லை. கடிதமும் நின்றுவிட்டது. நான் கிளம்பும்போது சாராள் வாசலில் நின்று, "எனக்கு ஒண்ணும் வாங்கியாற வேணாம் மாமா. அவர மட்டும் இட்டுக்கினு வாங்க" என்றாள். அவனில்லாமல் திரும்புவதில்லை என்று அங்கேயே முடிவுசெய்துகொண்டேன்.

பவுரிங்பேட்டை ஜங்ஷனை ஊர்க்காரர்கள் பங்காருபேட்டை என்கிறார்கள். அங்கே மாறி ஏறிய குட்டி ரயிலில் சிரிப்பும் சண்டையுமாக ஒரே சத்தம். ஒருவர் கன்னடத்தில் கேட்க, இன்னொருவர் தெலுங்கில் பதில் சொல்ல, மூன்றாமவர் தமிழில் திட்டினார். யாருக்கும் அதில் சிரமம் இருந்ததாகத் தெரியவில்லை. வழியில் சிக்னல் விழாமல் வண்டி நின்றது. நின்ற வண்டி திடீரென்று ஒருமுறை உதறியது. அடியில் எங்கோ ஆழத்தில் பெரிய கதவொன்றை ஓங்கிச் சாத்தியதுபோல் இருந்தது. பெட்டியில் அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள். முறுக்கை வாயில் வைத்த ஒருவன் கடிக்காமல் அப்படியே வைத்திருந்தான். எதிரே வெற்றிலைக் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண், தரையைப் பார்த்தபடி, "இது சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் இல்லை. அதற்கும் அந்தப் பக்கம்" என்று தெலுங்கில் சொன்னாள். சிலர் மூச்சு விட்டார்கள். சிலர் விடவில்லை.

ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே தரை உதறும் என்பதோ இந்த மரியாதையோ எனக்குத் தெரியாது. ரயில் தடம்புரண்டுவிட்டது என்று நினைத்துக் கீழே குதித்துவிட்டேன். சிக்னல் விழுந்தது, வண்டி போய்விட்டது. ஊறுகாய் ஜாடியும் அதோடு போய்விட்டது. ஜன்னல்களில் தெரிந்த முகங்களில் ஒன்றுகூடச் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். எங்கள் ஊராக இருந்தால் ஒரு மாசத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பார்கள்.

தண்டவாளத்தை ஒட்டியே நடந்தேன். இரண்டு பக்கமும், தங்கத்தை எடுத்துவிட்டுக் கொட்டிய அரைத்த மண், மலைமலையாக வெளுத்துக் கிடந்தது. சயனைடு மேடு என்கிறார்கள். அதில் ஒரு புல் இல்லை. ஒரு காக்கை உட்காரவில்லை. வெயில் கொளுத்தியது, ஆனால் அந்த மண்ணில் கால் வைத்தால் சில்லென்றிருந்தது. கல்லை இடிக்கும் மில்லின் சத்தம் எங்கு போனாலும் கூடவே வந்தது. ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் தண்ணீர் வாங்கிக் குடித்தபோது, அந்தச் சத்தத்துக்கு டம்ளரில் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது.

தண்ணீர் கொடுத்தவள் எல்லம்மா என்ற சாப்பாட்டுக் கடைக்காரி. நடுவயசு, கழுத்தில் மஞ்சள் கயிறு, கணீரென்ற குரல். தேவசகாயம் எங்கே இருக்கிறான் என்று அவளைக் கேட்டேன்.

"தேவசகாயமா? அப்பிடி யாரும் இங்க இல்லையே."

"வேலூர்ப் பக்கம். புருவத்துல தழும்பு இருக்கும். கோயில்ல பாடினா கனத்த குரல்."

"அட, நம்ம முனியன்! அப்பிடிச் சொல்லக் கூடாதா? ஷிப்ட் முடிஞ்சி இப்ப வருவான். குந்துங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞானஸ்நானம் வாங்கிய பெயரை விட்டுவிட்டு இவன் எப்போது முனியன் ஆனான்? தவிரவும், துரை கேட்ட முனியன் பந்தெறிய ஆரம்பித்த காலத்தில் என் தம்பி எங்கள் பள்ளியில் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தான். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று புரியவில்லை.

அவன் வந்தான். மெலிந்திருந்தான். என்னைப் பார்த்ததும், தூரத்து உறவுக்காரனைப் பார்த்தவன்போல ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் "அண்ணா" என்றான். எல்லம்மா தனியாக வைத்திருந்த ஒரு பித்தளைத் தட்டை எடுத்து, கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். எனக்கும் போட்டாள். களி வேலூர்க் களிதான். குழம்பில்தான் மைசூர்க் காரம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறேன், என் தம்பி இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

எங்கள் வீட்டில் இடது கையால் சோற்றைத் தொட்டால் அன்றைக்குச் சோறே கிடையாது. அவனுக்குத் தட்டில் கை வைக்கச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அவனுடைய வலது கை மடியில் தூங்குவதுபோலக் கிடந்தது.

"இன்னாடா இது?"

"தானா போவுது அண்ணா. நான் ஒண்ணியும் பண்ணல."

எல்லம்மா அதைக் கவனிக்கவே இல்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

"சாராள் காத்துக்கினு இருக்கா. நாளைக்கே கிளம்பு" என்றேன்.

"நாளைக்கும் நாளன்னிக்கும் ஷிப்ட் கீதே."

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமை ஆட்டம்."

"சரி, ஞாயித்துக்கிழமை. அதுக்கு இன்னா சொல்ற?"

"திங்கக்கிழமை நான் இல்லன்னா முனியன் எப்பிடி மேல வருவான்?" என்று என்னையே கேட்டான். பிறகு தட்டைப் பார்த்தபடி, "கொழந்த நடக்குதா அண்ணா?" என்றான். நடக்கிறது என்றேன். அவன் கண்ணில் நீர் கொட்டியது. அதைத் துடைக்கவும் இடது கைதான் எழுந்தது.

மறுநாள் அவனுடைய மேஸ்திரி குப்புசாமியைப் போய்ப் பார்த்தேன். வடாற்காட்டுக்காரர். அவரும் எங்கள் பையன்களிடம் ஆட்டம் கற்றவர். அணிக்கும் அவரே தலைவர். சண்டை போடும் உத்தேசத்தோடுதான் போனேன். அவர் காப்பி வாங்கிக் கொடுத்து, நிதானமாகச் சொன்னார்.

"எறங்குறதுக்கு முன்னாடி நான் ஒவ்வொருத்தன் பேரா கூப்பிடுவேன் வாத்தியாரே. 'கீறேன்'னு சொல்லிட்டு அவனவன் நம்பர் போட்ட பித்தளப் பில்லைய வாங்கிக்கினு, கீழ எறக்குற கேஜுல ஏறுவான். எவனாச்சும் வர லேட்டாச்சின்னா, பக்கத்துல நிக்கிறவன் அவனுக்காக 'கீறேன்'னு கொரல் குடுப்பான். தொரைங்களுக்கு மூஞ்சா தெரியப்போவுது? பில்லைதான் தெரியும்."

"எங்க பள்ளிக்கூடத்துல இதுக்குப் பிரம்படி" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஆனா ஒண்ணு. எவன் கொரல் குடுத்தானோ, அவன்தான் அந்த ஆள மேல இட்டாரணும். எங்களுக்குள்ள அது சத்தியம்."

முனியன் அவருடைய ஆள். சோறு, பந்து எல்லாம் இடது கைதான்; கூட இருந்தவர்கள் அதைச் சொல்லிக் கேலிசெய்வார்களாம். எல்லம்மாவின் புருஷன். ஒருநாள் கீழே பாறை வெடித்தது. மற்றவர்களுடைய உடல்கள் கிடைத்தன. முனியன் கிடைக்கவில்லை. இன்னும் பாறை விழும் என்று பயந்து அந்த இடத்தைச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். மறுநாள் காலை, பழக்கதோஷம், மேஸ்திரி "முனியன்" என்று கூப்பிட்டுவிட்டார். அதே பழக்கதோஷம், முனியனோடு எப்போதும் ஜோடியாக வேலை செய்தவன் "கீறேன்" என்று சொல்லிவிட்டான்.

"சொன்னதும் எல்லாருக்கும் ஒடம்பு சில்லுன்னு ஆயிருச்சி. கொரல் குடுத்தாச்சே, மேல இட்டாரணுமே. பில்லை தொலஞ்சிபோச்சின்னு சொல்லிப் புதுசு வாங்கினோம். அந்த ஜோடிக்காரன் முனியனா எறங்கினான், முனியனா ஏறினான். தெனமும் அப்பிடித்தான். சனிக்கிழமை ஆட்டத்துல எறிய ஆளில்ல. அவன் போயிப் பந்த எடுத்தான். பீச்சாங்கையில எடுத்தான் வாத்தியாரே. அதுக்கு முன்னாடி அவன் பந்து எறிஞ்சதே கெடையாது."

அவனுக்கு நெஞ்சு கெட்டுப் படுத்தபோது இன்னொருவன். அவனும் முடியாமல் போனபோது, ஒரு காலை மேஸ்திரி "முனியன்" என்று கூப்பிட, கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. புதிதாக வந்திருந்த என் தம்பிக்கு விவரம் தெரியாது. யாரோ பாவம் வர நேரமாகிவிட்டது என்று நினைத்துக் குரல் கொடுத்துவிட்டான். அவன் சுபாவமே அப்படி. சின்ன வயசில் அடுத்த வீட்டுப் பையனுக்கு விழவேண்டிய அடியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வருவான்.

துரையின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. எந்தக் கையும் அத்தனை காலம் தாங்கவில்லை, கைகள் மாறியிருக்கின்றன. இதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. வந்த வேகத்திலேயே அது போய்விட்டது. அமெரிக்காவில் புகழ்பெற்றவனுக்குத் தலைவாரக் கை எழவில்லை. இங்கே கை எழுகிறது, ஆனால் அது யாருடையது?

"முனியன் செத்துட்டான்னு சுரங்கத்துத் துரைகிட்ட சொல்லி பேர அடிச்சிடுங்களேன்" என்றேன்.

"அத எல்லம்மாகிட்ட சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"செத்ததை யாரு பாத்தது? நீங்க பாத்தீங்களா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்குத் தெரியாதா வாத்தியாரே, இவங்க யாரும் அவரில்லன்னு? மூஞ்சி தெரியாதா எனக்கு? ஆனா சாயந்தரமானா ஒருத்தன் வந்து, 'எல்லம்மா, சோறு போடு'ன்னு குந்துறான். அந்தக் கொரல் இருக்கிற வரைக்கும் நான் இந்தக் கயித்தக் கழட்டமாட்டேன்" என்றாள்.

அவளோடு என்ன வாதாடுவது? சாராளுக்கும் கழுத்தில் கயிறு இருக்கிறது, அவளுக்கும் ஒருத்தன் வந்து உட்காரவேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பிடின்னா வேற ஒருத்தர் தானா மனசு வெச்சி கொரல் குடுக்கணும். கட்டாயப்படுத்தினா ஆவாது" என்றாள்.

நான் வேதம் படித்தவன். இந்தப் பில்லியும் சூனியமும் எனக்கு வேடிக்கை. ஒரு காலை நின்று ஒரு சொல் சொல்லவேண்டும், ஒரு ஷிப்ட் இறங்கி ஏறவேண்டும், தம்பி விடுதலை, பிறகு அது அவர்கள் பாடு. அன்று சாயந்தரமே மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். தேவசகாயம் "வேணாம் அண்ணா, வேணாம்" என்று என் காலைப் பிடித்தான். சாராளுடைய பெயரைச் சொல்லி அவன் வாயை அடைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை. சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட்டின் வாயில் மின்சார விளக்குகள் பகலிலும் எரிந்துகொண்டிருந்தன. எங்கள் வேலூரில் கலெக்டர் பங்களாவில்கூட அப்படி விளக்கு இல்லை. மேஸ்திரி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். "முனியன்" என்றார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"கீறேன்" என்றேன். நான் வாத்தியார், 'இருக்கிறேன்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். 'கீறேன்' என்றுதான் வந்தது.

வேலிக்கு அப்பால் நின்ற தேவசகாயம் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வலது கையால் துடைத்தான். துடைத்துவிட்டு அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதற்குள் மணி அடித்தார்கள். கேஜ் என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

சுரங்கத்தைப் பற்றி எழுத ஆசைதான். எழுதும்படி எனக்கு அதிகம் தெரியவில்லை. வெக்கை, சொட்டும் தண்ணீர், தொப்பியில் செருகிய மெழுகுவர்த்தி, முழங்கால் வலி. பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பார்த்துப் பேசவில்லை. ஆனால் வெற்றிலையை மடித்து என்னிடம்தான் முதலில் நீட்டினார்கள். நான் வெற்றிலை போடுகிறவன் இல்லை. வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஷிப்ட் முடிந்ததும் எல்லாரும் ஒரு சுவருக்கு முன்னால் போய் நின்றார்கள். கல் வைத்துச் சுண்ணாம்பு பூசிய சாதாரணச் சுவர். மேஸ்திரி சுத்தியலால் அதைத் தட்டி, "முனியா, ஷிப்ட் முடிஞ்சிருச்சி. வா, மேல போலாம்" என்றார். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அதைச் சத்தியமாகச் சொல்வேன். என் வாய்தான் "தோ வந்துட்டேன்" என்றது.

மேலே தேவசகாயம் காத்திருந்தான். அவன் "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தானாம். என் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் எனக்குக் கேட்டது. அடுத்த ரயிலுக்கே அவனைக் கூட்டிப்போனேன். நீங்களும் வாருங்கள் என்று அழுதான். மேஸ்திரிக்கு ஆள் தேட ஒருநாள் வேண்டும், நாளைக்கு ஆட்டம் இருக்கிறது, துரைக்குப் பார்த்துச் சொல்லவும் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறேன் என்றேன். பெட்டியில் ஏறி உட்கார்ந்ததும் பழைய தேவசகாயமாகவே ஆகிவிட்டான். குழந்தைக்கு மரப்பாச்சி வாங்க மறந்துவிட்டதே என்று கவலைப்பட்டான். அப்போது எனக்கிருந்த நிம்மதியை எழுதிக் காட்ட முடியாது. வந்த காரியம் முடிந்தது.

சனிக்கிழமை, சயனைடு மேட்டின் அடிவாரத்தில் ஆட்டம். எதிரே பக்கத்துச் சுரங்கத்து அணி. மூன்று மூலைகளையும் இங்கே சுரங்கத்துத் தளங்களின் பெயரால் முதல் லெவல், இரண்டாம் லெவல், மூன்றாம் லெவல் என்கிறார்கள். ஓடுகிறவன் கடைசி மூலையைத் தாண்டினால் கூட்டம் முழுக்க எழுந்து, "மேல வா! மேல வா!" என்று கத்துகிறது. பெண்கள் அழுதுகொண்டே கத்துகிறார்கள். எந்த அணிக்காரன் ஓடினாலும் கத்துகிறார்கள். அமெரிக்காவில் இப்படி இருக்காது என்று நினைக்கிறேன்.

பந்தை என்னிடம் கொடுத்தார்கள். நான் பந்தைத் தொட்டுப் பல வருஷம் ஆகிறது. தொப்பை வேறு. சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். முதல் பந்து கையைவிட்டுப் போனதும், கட்டைக்காரன் அதைப் பார்க்கக்கூட இல்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் அவன் கட்டையைக் கீழே போட்டுவிட்டு, என்னைக் கும்பிட்டுப் போனான். அடுத்தவனும் போனான். நான் இடது கையால் எறிகிறேன் என்பது அதற்கப்புறம்தான் எனக்கே தெரிந்தது. வலது கை இடுப்பில் சும்மா கிடந்தது. எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். நான் பயப்படவில்லை. பிறந்ததிலிருந்து எனக்கு எதுவும் அவ்வளவு சுலபமாக வந்ததில்லை.

எல்லையில் நாற்காலி போட்டுச் சுங்கான் புகைத்துக்கொண்டிருந்த சுரங்கத்துத் துரை, பக்கத்திலிருந்த இன்னொரு துரையிடம் இங்கிலீஷில் பேசியது என் காதில் விழுந்தது. "இந்த ஆளுக்கு மட்டும் வயசே ஆகாது போலிருக்கிறது. நான் இந்த ஊருக்கு வந்த நாளாக இவன்தான் எறிகிறான்." சொல்லும்போது அவர் நேராக என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் கூட்டம் "முனியா! முனியா!" என்று கத்தியது. நான் கையைத் தூக்கினேன்.

சாயந்தரம் எல்லம்மா பித்தளைத் தட்டில் சோறு போட்டாள். மேஸ்திரி வந்து, "ஒரு ஆளு மனசு வெச்சிக்கிறான் வாத்தியாரே. திங்கக்கிழமை அவன் கொரல் குடுப்பான், நீங்க ஊருக்குப் போங்க" என்றார். என்னை அவர் வாத்தியாரே என்று கூப்பிட்டது அதுதான் கடைசி. "அவசரம் இன்னா மேஸ்திரி, இன்னொரு சனிக்கிழமை ஆவட்டுமே" என்றேன். எல்லம்மா என் முகத்தைப் பார்க்காமல் குழம்பை ஊற்றினாள்.

அந்தச் சனிக்கிழமையும் போய், இன்னும் சில சனிக்கிழமைகளும் போய்விட்டன. முனியன் என்று ஒருவன் இருப்பது நிஜம், அவன் கை கொஞ்சமும் தளரவில்லை, பத்திரிகைக்கு எழுதலாம் என்று துரைக்குத் தெரிவித்துவிட்டேன். பொய் எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. இதை இடது கையால்தான் எழுதுகிறேன். எழுத்து முன்னைவிட அழகாகவே வருகிறது. சாராள் சந்தோஷமாக இருக்கிறாள், குழந்தை அப்பாவைவிட்டு நகருவதில்லை என்று ரூத் எழுதியிருந்தாள். நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்று அந்தக் கடிதத்தில் மூன்று இடங்களில் கேட்டிருந்தாள். பதில் எழுத உட்கார்ந்தால் ரூத்தின் முகம் சட்டென்று நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. கொஞ்சம் முயற்சி செய்யவேண்டியிருக்கிறது.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. பயம் ஒன்றுதான். ரூத் எத்தனை நாள் பொறுப்பாள்? என்னை அழைத்துவர யாரையாவது அனுப்பத்தான் போகிறாள். அனுப்புவதற்கு அவளுக்குத் தேவசகாயத்தைத் தவிர வேறு யாரும் இல்லை.